60 கியூபிட் ஓடுகிறது என்று காட்டினால் நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஆய்வுக்காக 32 கியூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) கொண்ட குவாண்டம் சர்க்யூட் ஒன்றை லேப்டாப்பில் சிமுலேட் செய்ய வேண்டும். மெமரி 16 ஜிபிதான். டிசிஷன் டயகிராம் (குவாண்டம் நிலையைக் கிளைப் படமாகச் சுருக்கி வைக்கும் முறை) மென்பொருள் விற்கும் ஒருவர் 60 கியூபிட்டை நொடியில் ஓட்டிக் காட்டினார். வாங்கலாமா?

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் காட்டியது பெரும்பாலும் ஜிஹெச்இசட் நிலையாக இருக்கும். அதை அளந்தால் எல்லா கியூபிட்டும் 0, அல்லது எல்லாமே 1. வேறு எதுவும் வராது. அதற்கு 119 நோடு (டயகிராமில் கிளை பிரியும் புள்ளி) போதும். ஆள் பிடிக்க எல்லோரும் ஓட்டுவது இதைத்தான்.

உங்கள் 32 கியூபிட் நிலையை முழுசாக எழுதினால் சுமார் 430 கோடி எண்கள், 64 ஜிபி. டிசிஷன் டயகிராம் இந்தப் பட்டியலைக் கிளை கிளையாகப் பிரித்து, ஒரே மாதிரியான கிளைகளை ஒரே தடவை வைத்துக்கொள்ளும். ஒன்று மற்றதன் மடங்காக இருந்தாலும் சரி, பெருக்க வேண்டிய எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளும். ரேண்டம் சர்க்யூட்டில் கிளைகள் ஒத்துப்போகாது, அங்கே இதனால் லாபமில்லை.

கியூபிட்களின் வரிசையைக் கட்டாயம் பாருங்கள். 1-ம் 17-ம் ஜோடி, 2-ம் 18-ம் ஜோடி என்று 16 பெல் ஜோடிகள் (அளந்தால் இரண்டும் 0, அல்லது இரண்டும் 1 என்றே வருபவை) இருக்கின்றன என்று வையுங்கள். 1 முதல் 32 வரை அப்படியே அடுக்கினால், 16-ஐத் தாண்டும்போது முதல் பாதியில் வந்த அத்தனையையும் நினைவில் வைத்தாக வேண்டும். அந்த ஒரு மட்டத்திலேயே 65,536 நோடு. 1, 17, 2, 18 என்று ஜோடிகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், மொத்தமே 48 நோடு! நிலை அதே நிலை, மாறியது வரிசை மட்டும்.

அப்புறம், சர்க்யூட் ஓடும்போது நடுவில் நோடு எண்ணிக்கை ஊதுவது. சில ஆய்வுக் கட்டுரைகளில் கடைசி நோடு எண்ணிக்கையை மட்டும் போடுகிறார்கள். மெமரி நிரம்பி லேப்டாப் நிற்பது பாதி வழியில். உச்ச எண்ணிக்கை இல்லாத கட்டுரையை எப்படித்தான் ஏற்றுக்கொள்கிறார்களோ, எனக்குப் புரியவில்லை.

அந்த விற்பனையாளரிடம் உங்கள் சர்க்யூட்டையே கொடுத்து, உச்ச நோடு எண்ணிக்கையைக் கேளுங்கள். இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரின் டிடிசிம் (DDSIM) என்ற டிசிஷன் டயகிராம் மென்பொருள் இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. முதலில் அதில் 12 கியூபிட், 16 கியூபிட், 20 கியூபிட் என்று ஓட்டி, நோடு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். வரிசையை மாற்றிப் பார்த்தும் ஒவ்வொரு கியூபிட்டுக்கும் இரட்டிப்பானால், டிசிஷன் டயகிராம் மென்பொருள் எதை வாங்கியும் இந்த லேப்டாப்பில் 32-ஐ எட்டுவது கஷ்டம்.