ஆறு, ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு வீட்டிலேயே விளையாட்டாக வீடியோ எடுக்க எங்கே தொடங்குவது?

எடிட்டிங், அனிமேஷன் எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வீடியோவுக்கு வெட்டத் தெரிந்தால் போதும். அதற்கான வசதி பெரும்பாலும் போனிலேயே இருக்கும், ஆப் தேடி அலைய வேண்டாம்.

ஆளை மாயமாக மறைய வைப்பதில் இருந்து ஆரம்பியுங்கள். போனை ஆடாமல் எங்காவது சாய்த்து நிறுத்தி ரெக்கார்டை ஓட விடுங்கள். சின்னவர் மந்திரம் சொல்லிக் கை தட்டியதும் எல்லாரும் “ஸ்டேச்சு”. ஒன்பது வயதுப் பெரியவர் மட்டும் நடந்து வெளியே போய்விட வேண்டும். அவர் நடந்துபோகும் பகுதியைப் பிறகு வெட்டி எடுத்துவிட்டால், கை தட்டின நொடியில் ஆளைக் காணோம்! நடுவில் ரெக்கார்டை நிறுத்தாதீர்கள். போனைத் தொட்டால் காட்சி இம்மியளவு நகரும், குட்டு வெளிப்பட்டுவிடும். பிரான்சின் மேடை மந்திரவாதி ஜார்ஜ் மெலியஸ் 1896இல் ஒரு பெண்ணைத் திரையில் மறைய வைத்ததும் ஏறக்குறைய இதே வித்தையால்தான்.

அடுத்தது எடுத்த வீடியோவைப் பின்னோக்கி ஓட்டுவது. கிழித்த காகிதம் ஒட்டிக்கொள்ளும், கொட்டிய பொம்மைகள் தாமாகக் கூடைக்குள் ஏறும். பெரியவருக்கு இன்னொன்று சொல்லிக் கொடுங்கள்: மற்றவர்கள் சாதாரணமாக நடக்க, அவர் மட்டும் பின்பக்கமாக நடக்கட்டும். திருப்பி ஓட்டினால் உலகமே பின்னால் போகும், அவர் மட்டும் முன்னால் வருவார்.

இதில் ருசி கண்டபின் ஸ்டாப் மோஷனுக்கு வாருங்கள்: பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டுவது. சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். அனிமேஷன் செய்பவர்கள் பல நேரம் ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்து 12 படங்களோடு முடித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு 8 போதும். ஐந்து நொடிக்கு 40 படங்கள் என்றால் ஆறு வயதுப் பிள்ளையின் பொறுமைக்குள் வந்துவிடும். களிமண்ணை விடக் காகித உருவங்கள் எளிது என்பது என் கருத்து. தரையில் படுக்க வைத்து எடுப்பதால் எதுவும் சரிந்து விழாது. போனை மேலிருந்து கீழே பார்க்கும்படி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பொருத்துங்கள். திறந்தது, மூடியது, வட்டமானது என மூன்று வாய்களை வெட்டி வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் காகித நரி பேசிவிடும். குறைவாக நகர்த்தினால் மெதுவாகப் போகும், அதிகம் நகர்த்தினால் பாயும். இதைச் சொல்லித் தராதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

வளர்ந்தவர்களான நம் வேலை வெளிச்சம். ஜன்னல் வெயில் மாறிக்கொண்டே இருக்கும், படங்களைச் சேர்த்து ஓட்டும்போது மினுக்கும். ஜன்னல் திரையை மூடி விளக்கைப் போடுங்கள். பல போன்களில் திரையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போகஸும் ஒளி அளவும் பூட்டிக்கொள்ளும். உங்கள் நிழல் விழாத இடத்தில் நில்லுங்கள். ‘ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ’ ஆப்பில் முந்தைய படம் மங்கலாகத் தெரியும் வசதி உண்டு, எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது வயதுக்காரர் கணினியில் ஆர்வம் காட்டினால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஸ்கிராட்ச்’ இருக்கிறது; பிள்ளைகள் தாங்களே அனிமேஷன் செய்து பார்க்கும் மென்பொருள், இலவசம்.

ஒலிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். படம் முடிந்த பிறகு, அதை ஓட விட்டு எல்லாரும் சேர்ந்து சத்தம் கொடுப்பது. காகிதத்தைக் கசக்கினால் நெருப்பு, அரிசியைத் தட்டில் கொட்டினால் மழை. கதவு கிறீச்சிடுவதைப் பிள்ளைகள் வாயாலேயே செய்யட்டும். சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடாதீர்கள். அந்த வயதுக் குரல் சீக்கிரம் மாறிவிடும். நரி உறுமுவதாக நினைத்துச் சிரித்துவிடும் அந்தக் குரலை அப்படியே விட்டுவையுங்கள்.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்: எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்வது பிள்ளைகள். பிரேமில் ஒரு விரல் தெரிந்தால் நமக்கு உறுத்தும். அவர்களோ அதை ராட்சதனின் விரல் என்று கதைக்குள் சேர்த்துக்கொள்வார்கள். இரவில் நாம் உட்கார்ந்து அழகாகத் திருத்தி வைத்தால் அது நம்முடைய வீடியோ ஆகிவிடும், மறுநாள் அவர்களுக்கு அதில் ஆசை இருக்காது. சண்டை வந்தால் ஆளுக்கொரு முடிவு எடுத்து, இரண்டையும் சேமியுங்கள்.

உறவினர்களுக்குக் காட்ட யூடியூபில் ஏற்றுவதானால் நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் பார்க்கும் ‘பிரைவேட்’ வைப்பது நல்லது. ‘அன்லிஸ்டட்’ என்றால் இணைப்பு கிடைத்த யாரும் பார்க்கலாம். பள்ளிப் பெயரோ வீட்டு எண்ணோ பின்னணியில் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அனுப்பும் முன் பிள்ளைகளிடமும் கேளுங்கள், வேண்டாம் என்றால் வேண்டாம்.