5 நானோமீட்டர் தங்கப் படலத்தின் மின்தடையை அளந்தால் மெகா ஓம் வருவது ஏன்?

மீட்டரில் கோளாறு இல்லை. வெறும் கண்ணாடி மேல் 5 நானோமீட்டர் தங்கம் ஆவியாக்கிப் படிய வைத்தால் அது பெரும்பாலும் தொடர்ச்சியான படலமாக இருக்காது. தங்கம் கண்ணாடியில் பரவாமல் தனித்தனித் தீவுகளாகத் திரண்டுவிடும்; நடுவிலுள்ள இடைவெளிகளைத் தாண்டி மின்சாரம் எளிதில் போகாது. படியும் தடிமனை அளக்கும் குவார்ட்ஸ் மானிட்டர் காட்டும் 5 வெறும் சராசரிதான், இடைவெளிகள் அதற்குத் தெரியாது.

கண்ணாடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊடே வரும் ஒளி நீலமாகவோ ஊதாவாகவோ இருந்தால் தீவுகள். பச்சை சாயல் என்றால் படலம் இணைந்துவிட்டது.

அப்புறம், தங்கம் திரளாமல் ஒட்டிப் பரவ அடியில் 1–2 நானோமீட்டர் குரோமியம் போட்டு, மேலே 15 நானோமீட்டர் தங்கம் வையுங்கள்.

அப்போதும் கட்டித் தங்கத்தின் தன்மின்தடையான (பொருளுக்கே உரிய மின்தடை அளவு) 2.2 மைக்ரோஓம்-சென்டிமீட்டர் வராது. அறை வெப்பத்தில் எலக்ட்ரான் மோதாமல் போகும் தூரமே ஏறக்குறைய 40 நானோமீட்டர். மெல்லிய படலத்தில் பரப்பிலும் படிக எல்லைகளிலும் முட்டிக்கொண்டே இருக்கும்.