வார இறுதியில் வீட்டில் எழுதிய நிரலை, எவரும் பயன்படுத்தி மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருள் திட்டத்துக்கு அனுப்ப நிறுவனத்தின் ஒப்புதல் தேவையா?

பெரும்பாலும் தேவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, மாறான ஒப்பந்தம் இல்லாத வரை, பணியின் போக்கில் ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு நிறுவனமே முதல் உரிமையாளர். வேலை ஒப்பந்தம் அதையும் தாண்டி, நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புடைய அனைத்தையும் கோரலாம். பலரும் படிக்காமலே கையொப்பமிடும் வரி அது, முதலில் அதைப் பாருங்கள்.

திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் பங்களிப்பவர் கையொப்பமிடும் தனிநபர் ஒப்பந்தத்தில், உங்கள் படைப்பில் நிறுவனத்துக்கு உரிமை இருக்குமானால், அதன் அனுமதியைப் பெற்றுவிட்டதாகவோ, அது அவ்வுரிமையைக் கைவிட்டதாகவோ, அதுவே தனி ஒப்பந்தம் செய்திருப்பதாகவோ உறுதி கூறுபவர் நீங்கள்தான். ஆகவே மேலாளரின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பாமல், திட்டத்தின் பெயரையும் பங்களிப்பின் எல்லையையும் குறிப்பிட்டு, ஒப்புதல் தர அதிகாரம் உள்ளவரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.