முல்லைக்காரர் பூ விற்பவரா?

கேள்வி: வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல் தொழிலாளர் பற்றி ஆய்வேடு. 14 பேரின் பேச்சைப் போனில் பதிந்தேன். எழுத்தாக்கம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சுருக்கம் எல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலியிலேயே முடித்தேன். ஓரிடத்தில், வயலில் வேலை செய்யும் முல்லைக்காரரைப் பூ விற்பவர் என்று போட்டிருந்தது. அப்பாவும் முன்பு முல்லைக்காரர்தான், அதனால் சிரித்துவிட்டுத் திருத்தினேன். இதை மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டுமா?
- பெயர் வேண்டாம், கொக்கட்டிச்சோலை

பதில்: சொல்ல வேண்டும். எந்தச் செயலி, எந்த வேலைக்கு என்று ஆய்வுமுறை அத்தியாயத்திலும் எழுது. அது இரண்டு வரி வேலை. எனக்கு வயிறு எரிவது நீ சிரித்த இடத்தில்.

வயல் சொந்தக்காரரான போடியாரின் நிலத்தில் கிடந்து உழைத்த மனிதர் உன் ஆய்வேட்டில் பூக்கடை வைத்துவிட்டார். அந்த உழைப்பில் கம்பஸ் போன பிள்ளைக்குக் கோபமல்லவா வந்திருக்க வேண்டும்? அப்பாவின் தொழில் என்பதால் இது கண்ணில் பட்டது. அப்பா செய்யாத வேலைகளின் சொற்கள்? 14 பதிவில் எத்தனையை மறுபடி முழுதாகக் கேட்டாய்? கடிதத்தில் அதுபற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தச் செயலிகள் தெரியாத இடத்தில் பெரும்பாலும் வாய் மூடி இருப்பதில்லை. படித்துக் குவித்த எழுத்தை வைத்து, அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கும். வட்டை (வயல்வெளி), களவெட்டி (நெற்களம்), மறுகா (பிறகு) என்று மட்டக்களப்பில் நாம் பேசுவதில் அச்சேறியது எவ்வளவு? ஆகவே பிழையையும் பூச்சரம்போல அழகாகக் கோர்த்துத் தரும். இல்லாத கட்டுரைகளைக்கூட மேற்கோள் காட்டும். உசாத்துணைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்.

உன் ஆங்கிலத்தைச் செப்பனிட அதைப் பிடித்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகள், அந்த 14 பேரும் இன்னாரின் பிள்ளை என்றுதான் பாய் விரித்துத் தேத்தண்ணி தந்து பேசியிருப்பார்கள். அவர்களின் குரலை வெளியே ஒரு கம்பனியின் கணினிக்கு ஏற்றப்போவதாகச் சொன்னாயா? இல்லையென்றால் திரும்பப் போய்ச் சொல். வேண்டாம் என்பவரின் பதிவை அங்கிருந்து அழி. வெட்கமாக இருக்கும், இருக்கட்டும்.

அப்புறம் எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவாகக் கேள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலைந்து மணி நேரம் போகும். விளங்காத சொல்லை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு போய் அப்பாவிடம் கேள். பதிவை அவருக்குப் போட்டுக் காட்டாதே. அவரைப் பற்றியே யாராவது பேசியிருக்கலாம்.