வள்ளமும் எஞ்சினும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கடலுக்குப் போய் வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட வேண்டுமா? களனி ஆற்றுக்குள் வந்துதானே நிறுத்துகிறோம்? (மட்டக்குளி)

கட்டாயம் ஓடவிட வேண்டும். வள்ளத்தின் பின்னால் பூட்டும் அவுட்போர்ட் எஞ்சின் கடல்நீரை இழுத்துத்தான் தன் சூட்டைத் தணிக்கிறது. நிறுத்தியதும் உள்ளே தங்கும் நீர் வற்றி, உப்பு குழாய்ச் சுவரில் படியும். படிந்து படிந்து வழி அடைபட்டால் எஞ்சின் கொதிக்கும். ஆற்று நீரை நம்பாதீர்கள். முகத்துவாரத்தில் கடல்நீரும் உள்ளே ஏறி வருகிறது, வண்டலும் கலந்திருக்கிறது.

ஹோஸ் வசதி இல்லாவிட்டால், மேல்பாதியை வெட்டிய பிளாஸ்டிக் பீப்பாய் போதும். எஞ்சின் காலை அதற்குள் இறக்கி, நீர் இழுக்கும் துளைகள் நன்றாக முழுகும் வரை குழாய்த் தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கியர் போட வேண்டாம். தண்ணீர் இல்லாமல் "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்பதும் வேண்டாம். பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லருக்கு அந்த நீர்தான் வழுவழுப்பு. அது இல்லையென்றால் சில நொடிகளிலேயே கருகத் தொடங்கும்.

எஞ்சினின் பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டது. ஓடலாமா? (முகத்துவாரம்)

உடனே நிறுத்துங்கள். முதலில் நீர் இழுக்கும் துளைகளில் பொலித்தீன் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பிறகு தண்ணீர் பீச்சும் துளையில் மெல்லிய நைலோன் நரம்பை விட்டுக் குத்துங்கள். பெரும்பாலும் மணலோ உப்புக்கட்டியோதான் அடைத்திருக்கும். அப்படியும் சரிவராவிட்டால் இம்பெல்லரை மாற்ற வேண்டும். பழையதைக் கழற்றியதும் அதன் இதழ்களை எண்ணிப் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். ஒன்று உடைந்திருந்தால் அந்தத் துண்டு மேலே எங்கோ நீர்வழியில் சிக்கியிருக்கிறது. அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை. உப்பு நீரில் ஓடுபவர்கள் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

கியர் ஒயில் பால் போல வெள்ளையாக வந்தது. (நீர்கொழும்பு)

ஒயிலுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. களப்பில் ஓடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வருவதற்குக் காரணம் வலை நூல். தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றி அதன் பின்னால் தண்டைப் பாருங்கள். தங்கூசி இறுகச் சுற்றியிருக்கும், அது ஒயில் சீல் என்ற ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். நூலை எடுத்து, அந்த வளையத்தை மாற்றிய பிறகே புது ஒயில் விடுங்கள்.

ஒயிலைக் கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேல் துளையில் வழியத் தொடங்கியதும் முதலில் மேல் திருகாணியைப் பூட்டி, பிறகு கீழே பூட்டுங்கள். முறை மாறினால் காற்று உள்ளே நிற்கும், ஒயில் குறையும். திருகாணிகளின் வாஷர்களையும் புதிதாகப் போடுங்கள். பழைய வாஷரும் தண்ணீருக்கு வழி விடும்.

மோட்டார் சைக்கிளுக்கான 2டீ ஒயிலைக் கலக்கலாமா? மண்ணெண்ணெய்? (வத்தளை)

டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட்டுக்கு டீசீ-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட ஒயிலையே வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் ஒயில் காற்றில் குளிரும், சூடு கூடிய எஞ்சினுக்கானது. நீரில் குளிரும் எஞ்சினில் அதன் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டனிலும் படியும். 50:1 கலவை என்றால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர், 20 லீற்றருக்கு 400. உங்கள் எஞ்சினுக்கு எந்த அளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள்.

பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், பிஸ்டன் போய்விடும். மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சின் வேறு. அதையும் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் திரும்பப் பெற்றோலுக்குக் கொண்டுவர வேண்டும்.

மே மாதத்திலிருந்து கடல் கொந்தளிப்பு. வள்ளத்தை ஏற்றி வைக்கிறேன். (தெஹிவளை)

நல்ல தண்ணீரில் ஓடவிட்டு, பெற்றோல் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுங்கள். காபுரேட்டரில் பெற்றோல் தேங்கி நின்றால் பிசினாகி, ஜெட் என்ற சிறு துளையை அடைக்கும். எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கள், நீர் முழுதும் வடியட்டும். வள்ளத்தின் அடித்தக்கையையும் கழற்றிவிடுங்கள். எஞ்சின் உலோகம் அரிக்காமல் தான் கரையும் சிங்க் (துத்தநாகக்) கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள், அதன்மேல் மட்டும் பெயின்ற் அடிக்காதீர்கள்.

மகன் தனியாக ஓட்டக் கேட்கிறான். நிறுத்தக் கயிறு அவசியமா? (மொறட்டுவை)

அவசியம். பொல்கொட ஏரி அமைதியாகத் தெரிகிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஓட்டுபவர் தவறி விழுந்தால் ஆளில்லா வள்ளம் வட்டமடித்துத் திரும்பி வரும், விசிறி அவர்மேலேயே ஏறும். கயிறு கையிலோ உயிர்காப்பு அங்கியிலோ கொழுவியிருந்தால் விழுந்த நொடியே எஞ்சின் நின்றுவிடும். கயிற்றை இழுத்தால் உண்மையிலேயே நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கரையை விட்டுக் கிளம்புமுன் அவனையே சோதிக்கச் சொல்லுங்கள்.