ஹார்ட்கோர் மல்யுத்தம் என்றால் என்ன? அட்சுஷி ஓனிட்டா ஏன் அதில் இறங்கினார்?

நாற்காலி, முள்கம்பி, நெருப்பு என எதையும் ஆயுதமாக்க விதி இடம்தரும் தொழில்முறை மல்யுத்தம்தான் ஹார்ட்கோர். ஜப்பானில் இதைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுபோனவர் அட்சுஷி ஓனிட்டா.

1974-ல் மூத்த மல்யுத்த வீரர் ஜயன்ட் பாபாவின் ஆல் ஜப்பான் மல்யுத்த நிறுவனத்தில் தொடங்கியபோது அவர் துள்ளிப் பாய்ந்து ஆடும் இளைஞர். முழங்கால் காயம் 1985-ல் ஓய்வுக்குத் தள்ளியது. 1989-ல் எஃப்எம்டபிள்யூ என்ற சொந்த மல்யுத்த நிறுவனத்துடன் திரும்பினார். பழைய வேகம் இல்லை, பெரிய நிறுவனங்களின் பணபலமும் இல்லை. பெரிய ஜவுளிக்கடைக்கு எதிரே கடை போட்டவர், அங்கே கிடைக்காத சரக்கை வைத்துத்தானே பிழைக்க முடியும்? ஓனிட்டாவின் சரக்கு ஆபத்து. மேடையைச் சுற்றிய கயிறுகளுக்குப் பதில் முள்கம்பி, அதைத் தொட்டால் வெடிக்கும் வெடிகள். 1990 ஆகஸ்டில் டோக்கியோவின் ஷியோடோமேயில் டார்சான் கோட்டோ என்ற வீரருடன் இப்படி முதலில் மோதினார்.

ஆனால் ரத்தம் மட்டும் கூட்டம் சேர்க்கவில்லை என்பேன். 1993-ல் கவாசாகி மைதானத்தில் அமெரிக்க வீரர் டெர்ரி ஃபங்க்கை வென்றபின், மேடையில் வைத்த வெடிகள் வெடிக்கப்போகும் நேரத்தில் திரும்பி ஓடி, விழுந்துகிடந்த எதிராளியைத் தன் உடலால் மூடினார். அந்த உணர்ச்சிதான் ரசிகர்களைக் கட்டிப்போட்டது. 2001-ல் அவர் நாடாளுமன்ற மேலவைக்கும் தேர்வானார்.

வெற்றி தோல்வி முன்பே முடிவானதால் காயமும் போலி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஓனிட்டாவின் உடலில் முள்கம்பி கிழித்த தழும்புகள் நிஜமானவை.