2014 மாடல் பெட்ரோல் காரில் இ20 போட்டால் எஞ்சின் கெட்டுவிடுமா?

கேட்டவர் காரின் மேனுவலில் இ10 (10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வரைதான் போட்டிருக்கிறது. பக்கத்து பெட்ரோல் பங்குகளில் கிடைப்பதோ இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்கு முன்னால் இந்தியாவில் விற்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே நிலைதான். பிஸ்டன், வால்வு பற்றிக் கவலை வேண்டாம். டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரைக்கும் உள்ள ரப்பரையும், டேங்குக்குள் தண்ணீர் போகிறதா என்பதையும் பாருங்கள்.

முதலில் மைலேஜ். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் வெப்பம், எத்தனாலில் 21. கணக்குப் போட்டால் சுத்த பெட்ரோலைவிட இ20யில் கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைவு. இ10லிருந்து மாறினால் மூன்றரை சதவீதம்தான். லிட்டருக்கு 18 கொடுத்த கார் 17.4 கொடுக்கும். 14க்கு இறங்கிவிட்டது என்றால் எத்தனாலைத் திட்டிப் பிரயோஜனமில்லை; டயர் காற்று, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், ஆக்ஸிஜன் சென்சார் என்று பாருங்கள். அளக்கும்போது டேங்க் நிறையப் போட்டு, குறைந்தது 400 கி.மீ. ஓட்டி, அதே பங்கில் நாசில் தானாக நிற்கும் வரை மறுபடி நிரப்பிப் பாருங்கள். டிஸ்ப்ளேயில் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம்.

பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இ10க்கு அது 14.1, இ20க்கு சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் 4 சதவீதம் கூடுதலாகப் போக வேண்டும். இன்ஜெக்ஷன் காரில் ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து இசியூவே (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இதைச் சரிசெய்துகொள்ளும். நம்பிக்கையில்லை என்றால் ஓபிடி ஸ்கேனரை (இசியூவில் உள்ள விவரங்களைப் படிக்கும் கருவி) மாட்டி லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது இசியூ எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பாருங்கள். முன்பு இருந்ததைவிட 4, 5 சதவீதம் கூடியிருந்தால் அது எத்தனால் கணக்கு. +18, +20 என்று நின்று பி0171 கோடும் (எரிபொருள் போதவில்லை என்ற எச்சரிக்கை) வந்தால் அது வேறு கதை: வேக்யூம் லீக், அழுக்கான ஏர்ஃப்ளோ சென்சார், பலவீனமான பம்ப், அடைத்த ஃபில்டர். நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக எரிந்து எஞ்சினில் தட்டும் சத்தம்) வருமோ என்ற பயமும் வேண்டாம். இ20யின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) 95, பழைய 91ஐவிட அதிகம்.

இனி ரப்பர். பழைய நைட்ரைல் ரப்பர் ஓஸ் (பெட்ரோல் போகும் குழாய்) எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து விரிசல் விடும். பழைய வண்டிகளில் 20,000–30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. பத்து வருஷம் தாண்டிய ஓஸுக்குக் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. வாங்கும்போது ஓஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். உள்பக்கம் ஃப்ளூரோ ரப்பர் பூசியது அதுதான். ஆர்6, ஆர்7 விலை குறைவு என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், வேண்டாம். இன்ஜெக்டர் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) விட்டான், அதாவது ஃப்ளூரோ ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவு நிறுத்திய காரைக் காலையில் திறக்கும்போது பானெட் பக்கமோ பின் சீட் பக்கமோ பெட்ரோல் வாசனை அடித்தால், செல்ஃப் போடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அது மைலேஜ் பிரச்சினை இல்லை, தீப்பிடிக்கும் பிரச்சினை.

எத்தனால் டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்த கசடையும் கரைத்துக்கொண்டு வரும். மாறிய முதல் சில டேங்குகளுக்குப் பிறகு ஃபில்டரை மாற்றுங்கள்; பம்பின் அடியில் இருக்கும் வலையையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டில் இழுவை விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

தண்ணீர்தான் நிஜமான எதிரி. சுத்த பெட்ரோலில் தண்ணீர் அடியில் தங்கும். எத்தனால் கலந்ததில் முதலில் கரைந்து மறைந்துவிடும். இ10 லிட்டருக்கு சுமார் 5 மில்லி வரை தாங்கும், இ20 இன்னும் கொஞ்சம் கூடுதல். அதைத் தாண்டியதும் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து மொத்தமாக அடியில் இறங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே. வண்டி மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடும். இப்படிப் பிரிந்த பிறகு எந்த அடிட்டிவ் ஊற்றினாலும் திரும்பச் சேராது. டேங்கை முழுக்க இறக்கித்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். பாட்டிலில் பெட்ரோல் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, "பாருங்க, பங்க்ல எவ்வளவு தண்ணி கலந்திருக்கான்" என்று வரும் வீடியோக்கள் காட்டுவது கலப்படத்தை அல்ல. 90 மில்லி இ20யில் 10 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் அடியில் கிட்டத்தட்ட 28 மில்லி நிற்கும். கூடிய 18 மில்லியும் எத்தனால். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் எதையும் ஊற்றாமல் கண்ணாடி பாட்டிலில் அரை மணி நேரம் வையுங்கள். தானாகவே இரண்டு அடுக்காக நின்றால்தான் பிரச்சினை.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன இசியூ உதவி கிடையாது. காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போகாமல் கலவை மெலிந்து, பிக்கப்பில் வெட்டும், சூடும் ஏறும். சுத்த பெட்ரோலுக்கு அமைத்த மெயின் ஜெட்டின் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பாகம்) துளை விட்டத்தை சுமார் 4 சதவீதம் கூட்டினால் பரப்பு 8 சதவீதம் கூடும், அது போதும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வெள்ளைப் பொடி பூத்து ஜெட்டை அடைக்கும். இன்ஜெக்ஷன் காரை நிறுத்துவதானால் டேங்கை நிறைத்து, மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றிவிட்டு நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஐடிலில் ஓடவிடுவதால் பலனில்லை. எஞ்சின் ஆயிலில் ஈரம்தான் சேரும். எடுத்தால் இருபது நிமிஷமாவது ரோட்டில் ஓட்டுங்கள்.